மெட்ரோ மேப்பை வெளியாட்கள் ஏன் வரைகிறார்கள், அதை நம்பிப் போகலாமா?

லண்டனும் பாரிஸும் போகப் போகிறேன், மெட்ரோ மேப் தேடினால் நிர்வாகம் வெளியிட்டது ஒன்று வந்தால் யார் யாரோ வரைந்தது ஐம்பது வருகிறது, ஒன்றில் பாதையெல்லாம் வட்ட வட்டமாக, இன்னொன்றில் நெளிநெளியாக, மற்றொன்றில் தண்டவாளம் பிரிகிற இடம் வரைக்கும். ஸ்டேஷனிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது இவர்கள் எதற்கு மெனக்கெடுகிறார்கள், இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ரயில் ஏறும்போது கையில் நிர்வாகத்தின் மேப் இருக்கட்டும், கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் வரைந்ததைப் பாருங்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

நிர்வாகம் போடும் மேப் தன்னுடைய ரயிலைத்தான் பெரிதாகக் காட்டும். பயணிக்கோ எந்த ரயில் யாருடையது என்கிற கவலையே கிடையாது, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியில்தான் வெளியாட்களின் மேப்பெல்லாம் பிறக்கிறது.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ஒரு நிறுவனம். புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயின் கையில் வளர்ந்தவை. சென்ட்ரல் வாசலில் நின்று பார்த்தால், மெட்ரோவுக்கு சென்ட்ரல், தாம்பரம் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க், வேளச்சேரி வண்டிக்கு பார்க் டவுன், ஆவடி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மூர் மார்க்கெட் கட்டடம் என்று நாலு பெயர். நடந்தால் எல்லாம் சில நிமிட தூரம், ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு மட்டும் நாலும் நாலு ஊர். விமான நிலையமும் அப்படித்தான், மெட்ரோ ஸ்டேஷன் ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் புறநகர் நிலையம். இதையெல்லாம் ஒரே தாளில் ஒரே அளவு முக்கியத்துவத்தோடு பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் யாராவது ஆர்வலர் வரைந்ததைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

டோக்கியோவில் இதே கதை பல மடங்கு பெரிது. அங்கே சுரங்க ரயில் மட்டும் 13 பாதை, அதில் 9 டோக்கியோ மெட்ரோ நிறுவனத்துடையது, 4 மாநகர அரசின் டோயேயுடையது. இது போக ஊரைச் சுற்றிவரும் யமனோதே பாதை ஜே.ஆர். என்ற இன்னொரு ரயில் நிறுவனத்துடையது, அதற்கு மேல் ஏகப்பட்ட தனியார் ரயில் கம்பெனிகள். சுரங்க ரயில் மேப்பில் யமனோதே ஒரு ஒல்லியான சாம்பல் கோடாகத்தான் இருக்கும். ஆனால் டோக்கியோவாசிக்கு ஊரின் முதுகெலும்பே அதுதான். தென் கொரியாவின் ஜீரோ பெர் ஜீரோ என்ற வடிவமைப்புக் குழு டோக்கியோவை வரைந்தபோது அந்த வளையத்தையே நல்ல வட்டமாக நடுவில் வைத்து மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்தது. எந்த ரயில் கம்பெனியும் போட்டி கம்பெனியின் பாதையை அப்படி நடுவில் தூக்கி வைக்காது.

டோக்கியோ என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கதை. 1990-களில் ஃபுகுயி யாசுயோ என்ற பெண், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் போகும்போதெல்லாம் லிஃப்ட் எங்கே, எஸ்கலேட்டர் எங்கே என்று பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அலைந்திருக்கிறார். எத்தனையாவது பெட்டியில் ஏறினால் இறங்கியதும் எதிரே லிஃப்ட் இருக்கும் என்று தெரிந்துவிட்டால் அலைச்சலே இல்லையே என்று தோன்றியிருக்கிறது. எந்த மேப்பிலும் அந்தத் தகவல் கிடையாது. அதனால் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தானே போய்க் குறித்தார். அதை ஓர் அட்டவணையாக்கினார்: மேலே வரிசையாகப் பெட்டி எண்கள், பக்கவாட்டில் ஸ்டேஷன் பெயர்கள், கட்டத்துக்குள் படிக்கட்டா, எஸ்கலேட்டரா, எந்தப் பாதைக்கு மாறலாம் என்கிற சின்னக் குறிகள். பிறகு ரயில் நிர்வாகமே அதை வாங்கிப் பிளாட்பாரச் சுவரில் ஒட்டியது. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போகும் அந்த அட்டவணை, வெளியாள் ஒருவர் குழந்தையோடு அலைந்து வரைந்தது.

லண்டன் மேப்பும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது. ஹாரி பெக் அங்கே சிக்னல் பிரிவில் படம் வரையும் வேலையில் தற்காலிகமாக இருந்தவர். மேப் வரைவது அவருடைய வேலையே இல்லை, யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. 1931-இல் தன் சொந்த நேரத்தில் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். குறுக்கு, நெடுக்கு, 45 டிகிரி சாய்வு, இவை தவிர வேறு கோடே கிடையாது. நெரிசலான நடு ஊரைப் பெரிதாக்கி, தூரத்துப் புறநகரைச் சுருக்கி, நிலத்தில் மிச்சம் வைத்தது தேம்ஸ் ஆற்றை மட்டும். விளம்பரப் பிரிவு முதலில் வேண்டாம் என்றது. அப்புறம் 1932-இல் 500 பிரதி அடித்துச் சில ஸ்டேஷன்களில் வைத்துப் பார்த்தார்கள், 1933 ஜனவரியில் லட்சக்கணக்கில் அச்சிட்டார்கள், ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இத்தனை பெயர் வாங்கிய மேப்பை 1960-இல் அவரிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் மாற்றினார்கள். விளம்பரப் பிரிவில் இருந்த ஹட்சிசன் என்ற அதிகாரி தன் பெயரைப் போட்டே கூர்கூரான முனைகளோடு ஒன்று வெளியிட்டார். பார்க்கவே கண்ணை உறுத்தும், அதுவும் சில வருஷத்தில் போய்விட்டது. பெக் 1974-இல் இறந்தார். மூலக் கருத்து அவருடையது என்று மேப்பின் ஓரத்தில் ஒரு வரி வரத் தொடங்கியது 1997-இல்.

அதிகம் பேசப்படாத விஷயம், பெக் பாரிஸ் மெட்ரோவுக்கும் வரைந்தார் என்பது. 1930-களின் கடைசியில் ஒருமுறை, 1951 வாக்கில் இன்னொருமுறை. பாரிஸ் நிர்வாகம் இரண்டையும் ஏற்கவில்லை. ஆக லண்டன் மேப்பின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் பாரிஸ் கணக்கில் அதிகாரபூர்வமில்லாத மேப் வரைந்த ஒரு வெளியாள், அவ்வளவுதான்.

நியூயார்க் தனிப் பஞ்சாயத்து. 1972-இல் மாசிமோ விக்னெல்லி வடிவமைத்த மேப் வந்தது. ஒவ்வொரு ரயில் சேவைக்கும் தனி நிறக் கோடு, எல்லாம் நேர்த்தியான கோணம், வடிவமைப்புக் கல்லூரிகளில் இன்றும் தூக்கி வைத்துப் பேசுவார்கள். ஆனால் நியூயார்க்காரன் தரைக்கு மேலேயும் நடக்கிறவன். தெருவெல்லாம் எண் போட்ட கட்டம், அது அவனுக்கு மனப்பாடம். அவன் பார்க்கிறான், நீள நீளமாகக் கிடக்கிற சென்ட்ரல் பார்க் மேப்பில் சதுரமாக, அதுவும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பிராட்வேயில் இருக்கும் 50-ஆம் தெரு ஸ்டேஷன் எட்டாவது அவென்யூவுக்குக் கிழக்கே இருக்க, மேப்பில் மேற்கே. லண்டனில் இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியாது, அந்த ஊர்த் தெருக்கள் அப்படிக் கோணல்மாணல். இங்கே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் குட்டு உடைந்துவிடும். 1979-இல் அதை எடுத்துவிட்டு மைக்கேல் ஹெர்ட்ஸ் நிறுவனம் வரைந்த, ஓரளவு நிலத்தையொட்டிய மேப்பைப் போட்டார்கள்.

அதில் வேறு குடைச்சல். ஒரே தடத்தில் ஓடுகிற சேவைகள் எல்லாம் ஒரே கோடாகிவிட்டன. 4, 5, 6 மூன்றும் ஒரே பச்சைக் கோடு. உங்கள் ஸ்டேஷனில் எது நிற்கும் என்று தெரிய பெயருக்குக் கீழே பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். இதைப் பொறுக்காமல்தான் எடி ஜாபர் என்ற நியூயார்க் வடிவமைப்பாளர் 2000-களில் கிக் மேப் என்று ஒன்றை வரைந்தார். விக்னெல்லி மாதிரி சேவைக்கொரு கோடு, ஹெர்ட்ஸ் மாதிரி தெருக்களும் பூங்காவும் அடையாளம் தெரியும்படி. நிர்வாகத்திடம் கொண்டுபோனார், வேண்டாம் என்றார்கள், செயலியாக வெளியிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், 2025 ஏப்ரலில் நிர்வாகமே ஹெர்ட்ஸ் வழியை விட்டுவிட்டு, சேவைக்கொரு கோடு வரைகிற, விக்னெல்லி சாயலுள்ள புது மேப்புக்கு மாறியது. ஜாபரைப் பார்த்து மாறினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருஷம் நிர்வாகம் கையை வைக்கத் தயங்கிய ஒன்றில், வெளியாட்கள் தொடர்ந்து கையை வைத்துக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகம் தயங்குவதிலும் நியாயம் உண்டு. பல லட்சம் பேர் பழகிய மேப்பை மாற்றிவிட்டு ஒரு வாரம் குழப்பம் வந்தால் திட்டு வாங்கப் போவது அவர்கள்தான். 2009-இல் லண்டன் மேப்பிலிருந்து தேம்ஸ் ஆற்றை எடுத்துப் பார்த்தார்கள், ஊரே கொந்தளித்து, மேயர் தலையிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். ஆர்வலனுக்கு இந்தப் பயமெல்லாம் இல்லை, சரியில்லை என்றால் அழித்துவிட்டு வேறு வரைவான்.

நீங்கள் சொன்ன வட்ட மேப், நெளி மேப் இரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் மேக்ஸ் ராபர்ட்ஸ் இருப்பார். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர். 2012 டிசம்பரில் லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயில் ஊரைச் சுற்றி முழு வளையமாக இணைந்தது. வளையம் ஒன்று வந்துவிட்ட பிறகு எதற்கு அதை நெளித்து நேர்க்கோட்டில் மடக்க வேண்டும் என்று, வட்டங்களும் ஆரக்கால்களும் மட்டுமே கொண்டு முழு லண்டனையும் 2013-இல் வரைந்தார். அழகுக்காக வரைந்து விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர், ஆட்களை உட்காரவைத்து இந்த ஸ்டேஷனிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கு வழி கண்டுபிடி என்று சொல்லி நேரம் பார்க்கிறவர். பாரிஸுக்கு முழுக்க முழுக்க வளைவுக் கோடுகளாலேயே ஒன்று வரைந்து சோதித்தபோது, வழக்கமான நேர்க்கோட்டு மேப்பைவிட அதில் வழி கண்டுபிடிப்பது கணிசமாக வேகமாக நடந்தது. அதைவிட முக்கியம் இன்னொரு முடிவு: எந்த மேப் பிடிக்கிறது என்று கேட்டால் ஜனங்கள் சொல்கிற பதிலுக்கும், எதில் அவர்கள் வேகமாக வழி கண்டுபிடித்தார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பார்த்ததும் பிடித்துப்போகிற மேப் நல்ல மேப் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதில் தெரிகிறது. வட்ட மேப்புகளுக்கு இணையத்தில் விழுகிற லைக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

வெளியாள் உள்ளே வந்த கதைகளும் உண்டு. மாஸ்கோவில் ஆர்ட்டெமி லெபெதெவ் ஸ்டுடியோ 2010-இல் தன் விருப்பத்துக்கு மெட்ரோ மேப் போட்டது, 2013-இல் நடந்த போட்டியில் மக்கள் ஓட்டு வாங்கி அதே ஸ்டுடியோவின் மேப் அதிகாரபூர்வமானது. அதே வருஷம் பாஸ்டன் நடத்திய போட்டியில் ஜெயித்தவர் மாஸ்கோவில் இருந்த மிகைல் க்விரிவிஷ்விலி, அவர் வரைந்ததைக் கொஞ்சம் திருத்திப் பாஸ்டன் ஸ்டேஷன்களில் போட்டார்கள்.

சரி, தண்டவாளம் பிரிகிற இடம் வரை காட்டும் மேப் என்றீர்களே, அது அநேகமாகக் கார்ட்டோ மெட்ரோவாக இருக்கும். பிரான்சில் ஓர் ஆர்வலர் தொடங்கியது. பாரிஸ், லண்டன், லியோன் என்று பல ஊர்களுக்கு இருக்கிறது. இதுதான் என் பொழுதைத் தின்கிற மேப், எச்சரித்துவிடுகிறேன். பாரிஸைத் திறந்து வடகிழக்கு மூலைக்குப் போங்கள். 3 பிஸ், 7 பிஸ் என்று இரண்டு குட்டிப் பாதைகள் இருக்கும். இரண்டையும் இணைக்கிற ஒற்றைத் தண்டவாளத்தில் ஆக்ஸோ என்று ஒரு ஸ்டேஷன். பிளாட்பாரம் கட்டினார்கள், ரயில் ஓட்டவே இல்லை. தெருவிலிருந்து இறங்க வாசலும் கிடையாது. பயணிகள் மேப்பில் இதற்கு இடமே இல்லை, இருக்கவும் தேவையில்லை. 5-ஆம் பாதையில் ஆர்செனால் என்று இருக்கும், 1939-இல் மூடியது, பிறகு திறக்கவில்லை. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ரயில் எங்கே திரும்புகிறது, ராத்திரி எங்கே நிற்கிறது, ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குக் காலி வண்டி எப்படிப் போகிறது என்றெல்லாம் புரியும். ஒரு இடத்தில் ஏன் ரயில் எப்போதும் ஊர்கிறது, ஏன் சில வண்டி பாதியிலேயே முடிந்துவிடுகிறது என்பதற்கெல்லாம் விடை இங்கேதான். பிரிட்டனில் க்வெயில் என்ற சிறு பதிப்பகம் போட்ட தண்டவாளப் படங்களை ரயில்வே ஊழியர்களே வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள்.

உலகத்து மெட்ரோ அத்தனைக்கும் ஒரே இடம் வேண்டுமென்றால் ராபர்ட் ஷ்வாண்டல் நடத்தும் அர்பன்ரெயில் தளம். ஜெர்மனியில் இருக்கிற ஒரே ஆள், 1990-களிலிருந்து செய்கிறார். எந்தப் பகுதி எந்தத் தேதியில் திறந்தது என்று ஊர் ஊராகக் குறித்துவைத்திருப்பார். தளம் பார்க்கப் பழையபாணிதான், ஆனால் விஷயம் இருக்கும்.

நம்பலாமா என்றால், வெளியாள் மேப்பில் வருகிற தவறு பெரும்பாலும் கோட்டில் இருப்பதில்லை, தேதியில் இருக்கிறது. நிர்வாகத்துக்கு மேப்பைப் புதுப்பிக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. ஆர்வலருக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், மூன்று வருஷம் அந்தக் கோப்பைத் தொட மாட்டார், படம் மட்டும் தேடலில் முதலாவதாக வந்துகொண்டிருக்கும். விக்கிப்பீடியாவில் இருக்கிற மெட்ரோ மேப்புகளில் பெரும்பாலானவை தன்னார்வலர்கள் வரைந்தவைதான், பத்திரிகைகளே அதை எடுத்துப் போடுகின்றன. நல்லவை, ஆனால் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டாவது, இன்னும் கட்டி முடிக்காத பாதையை ஓடுகிற பாதை மாதிரியே போட்டுவிடுவது. ஆசையில் செய்வது, தப்பு சொல்ல மனசு வராது, ஆனால் அதை நம்பி ஹோட்டல் போட்டவர் கதி என்ன ஆகும்? இதற்கு நேர்மாறாக, ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனாலும் படத்தில் தெரியாது. சென்னைப் பறக்கும் ரயிலில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை வண்டியே ஓடவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கு மேலும் எத்தனையோ மேப்பில் கோடு அழகாக முழுசாகவே இருந்தது.

வரைகிறவர்கள் படும் பாட்டையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோடு போடுவது அரை நாள் வேலை, பெயர் எழுதுவதில்தான் உயிர் போகும். எந்தப் பெயரும் எந்தக் கோட்டின் மேலும் ஏறக் கூடாது, முடிந்தவரை எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். 2020-இல் சென்னை மெட்ரோவில் மூன்று ஸ்டேஷனுக்குப் பெயர் நீட்டினார்கள் அல்லவா, புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ என்பதை இரண்டு பாதை சேருகிற ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். நிர்வாகம் முழுப் பெயரைப் போட்டே ஆக வேண்டும். ஆர்வலர் சென்ட்ரல் என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

சட்டப் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். லண்டன் நிர்வாகம் தன் மேப் மேலும் வட்டத்துக்குக் குறுக்கே பட்டை போட்ட அந்தச் சின்னத்தின் மேலும் உரிமையை விட்டுக்கொடுக்காது. 2006-இல் ஒருவர் ஸ்டேஷன் பெயர் எழுத்துகளை இடம் மாற்றி வேடிக்கைப் பெயர்களாக்கி அதே மேப்பில் போட்டதற்கே வக்கீல் கடிதம் போனது. 2005-இல் ஐபாடில் பார்க்கிற மாதிரி நியூயார்க் மேப்பை வெட்டிக் கொடுத்தவருக்கும் அதே கதி. முழுசாகத் தானே வரைந்தவர்களை அவ்வளவாகச் சீண்டுவதில்லை, வெட்டி ஒட்டினால்தான் வம்பு.

இனி உங்கள் பயணம். லண்டனில் நடு ஊரில் சுற்றும்போது நிலத்தையொட்டி வரைந்த மேப் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டன் 260 மீட்டர்தான், ரயிலுக்குக் கீழே இறங்கி ஏறுவதற்குள் நடந்தே போய்விடலாம். கோவன்ட் கார்டனில் லிஃப்டுக்குக் கூட்டமாக இருக்கிறதே என்று படியேறினால் 193 படி. பேஸ்வாட்டரும் குவீன்ஸ்வேயும் மேப்பில் வேறு வேறு பாதையில் தள்ளித் தள்ளி இருக்கும், உண்மையில் இரண்டும் ஒரே தெருவில். இப்படி வெளியாட்கள் பல வருஷம் வரைந்து காட்டியதற்குப் பிறகு 2015-இல் நிர்வாகமே ஸ்டேஷன்களுக்கு நடுவே நடக்க எத்தனை நிமிஷம் என்று ஒரு மேப் வெளியிட்டது, அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேம்ஸுக்குத் தெற்கே தங்குகிறீர்கள் என்றால் சுரங்க ரயில் மேப் மட்டும் போதாது, அந்தப் பக்கம் ஊரை ஓட்டுவதே சாதாரண ரயில்கள்தான். அவற்றையும் சேர்த்துக் காட்டும் லண்டன் மேப்பை எடுங்கள்.

லண்டனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயிலில் போனால் கார் து நோர் என்ற ஸ்டேஷனில் இறங்குவீர்கள். 2-ஆம் பாதை வேண்டுமென்றால் வெளியே போகத் தேவையில்லை, லா ஷப்பேல் ஸ்டேஷனுக்கு உள்ளேயே சுரங்க வழி உண்டு. மாறுகிற ஸ்டேஷன் என்று ஷாட்லே வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். மேப்பில் அது ஒரே குமிழ், 1, 4, 7, 11, 14 என்று ஐந்து மெட்ரோ பாதை, பக்கத்திலேயே ஷாட்லே லே ஆலில் ஆர்.ஈ.ஆர். என்ற புறநகர் ரயிலின் மூன்று பாதை; உள்ளே சில மாற்றங்களுக்கு நடை நடையென்று நடக்க வேண்டும். கார்ட்டோ மெட்ரோவில் அந்தக் குமிழைப் பெரிதாக்கினால் எந்தப் பாதையின் பிளாட்பாரம் எங்கே கிடக்கிறது என்று தெரியும், கையில் பெட்டி இருந்தால் வேறு ஸ்டேஷனில் மாற வழியிருக்கிறதா என்று முந்தின ராத்திரியே பார்த்து வைத்துவிடுங்கள்.